எட்டால் பெருக்காத கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூர் மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஏ.சி. போட்ட கண்ணாடி அறை, மேனேஜரே செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ஆறு மாதக் கோர்ஸ் முடித்த எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. நான் சொன்னதை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெலிபோன் மேசையில் ஒரு அக்கா இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கணவர் சாயப்பட்டறை வேலையில் நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடந்தார். அக்காவின் வேலையை நம்பித்தான் நான்கு பேர் சாப்பிட்டார்கள்.

ஒருநாள் டி-ஷர்ட் டிசைன் ஒன்றைச் சென்னை ஏஜெண்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மாலை ஐந்தரைக்கு அவர் ஏர்போர்ட் கிளம்புகிறார், அதற்குள் போய்ச் சேர்ந்தால்தான் ஆர்டர். டெலிபோன் லைனில் ஃபைல் அனுப்பும் மோடம் எங்களுக்கு அப்போதுதான் வந்திருந்தது.

"எத்தன நேரம் புடிக்கும் கண்ணு?" என்றார் மேனேஜர்.

டிசைன் மூன்று எம்.பி. அதை 1024-ஆல் பெருக்கிக் கே.பி. ஆக்கினேன், மறுபடி பெருக்கி பைட் ஆக்கினேன். முப்பத்தொரு லட்சத்துச் சொச்சம் வந்தது. மோடத்தின் வேகம் நொடிக்கு 9600. வகுத்துப் பார்த்தேன்.

"ஆறு நிமிசம்கூட ஆகாதுங்க."

"அப்பறம் என்னத்துக்கு அவசரம்? கலர நல்லா சரி பண்ணிப்போட்டு அஞ்சு மணிக்கு அனுப்பிக்கலாம்."

இருந்தது ஒரே லைன். அனுப்பும்போது யாராவது போனை எடுத்தால் அறுந்துவிடும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். ஆறு நிமிடம் ஆனது, திரையில் பதினொரு சதவீதம்தான் காட்டியது. மோடத்தோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். 9600 என்பது பைட் இல்லை, பிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். பீஸையும் டஜனையும் குழப்பிக்கொள்கிறவனைத் திருப்பூரில் யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். நான் செய்திருந்தது அதுதான். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும்.

ஐந்தரைக்கு ஐம்பத்தைந்து சதவீதம். அந்தப் பக்கம் ஏஜெண்ட் மோடத்தை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"என்ன ஆச்சு கண்ணு?"

தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டு எனக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"நடுவுல யாரோ போன எடுத்துட்டாங்க போலருக்குங்க" என்றேன்.

மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அக்கா எழுந்து நின்று, "நான் தொடவே இல்ல சார்" என்றார். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நம்பிய காலம் அது. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் சொல்லுவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து என் அறைக்குத் தனி லைன் போட்டுக் கொடுத்தார்கள், இனிமேல் யாரும் குறுக்கே எடுக்கக் கூடாதாம். பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார் வேலையும் பார்த்தேன். எட்டு பிட் ஒரு பைட் என்று முதல் நாளே எழுதிப்போடுவேன். தப்பாக எழுதுகிற பிள்ளைகளைக் கண்டபடி திட்டியிருக்கிறேன். நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நான் அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாளே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுப் பையோடு கேட்டருகே எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, நீங்க கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான இருந்திய. நான் போன எடுத்தேனா?"

"நான் ஸ்கிரீனத்தான் பாத்துட்டிருந்தேனுங்க்கா" என்றேன்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி தம்பி, உங்க வேலையாவது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.