தடை உத்தரவு வந்தது. இறக்க ஆள் வரவில்லை

தருவைகுளத்தில் நண்டு வாங்கி அனுப்பும் கூடம் நடத்துகிறேன். ஒருநாள் ஐஸ் இறக்கும் தொழிலாளி சூசையின் காலில் ஐஸ் கட்டி விழுந்தது. "ஏலே, ஐஸ் உருகுது, மிச்சத்தையும் இறக்கிட்டு உக்காரு" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் அவர்களுடைய தொழிற்சங்கம் என் கூடத்துக்கு ஐஸ் கிடையாது என்று வண்டியைத் தெருமுனையிலேயே மறித்தது. எனக்கோ வீம்பு. வக்கீலைப் பிடித்து கோர்ட்டில் தடை உத்தரவு கேட்டேன். அது வரும்வரை கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நண்டு நாறியது.

உத்தரவு கிடைத்ததும் சங்கச் செயலாளரிடம் நீட்டினேன். நிதானமாக வாசித்தார்.

"வண்டிய மறிக்கக் கூடாதுன்னுதானக்கா போட்டிருக்கு? இனி மறிக்கல. நீங்களே இறக்கிக்கிடுங்க."

வண்டி வந்தது. நானும் கணவரும் ஒரு கட்டியைத் தூக்கினோம். அது வழுக்கி, என் பாதத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்து நொறுங்கியது. நேரே சூசை வீட்டுக்குப் போனேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கா?" என்றான், கட்டுப் போட்ட காலோடு. மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலமே ஆட்கள் வந்தார்கள்.

இப்போது கூடத்து வாசலில் கனமான பூட்ஸ் நாலு ஜோடி வைத்திருக்கிறேன். அதை மாட்டி முடிக்கும்வரை ஐஸ் உருகினால் உருகட்டும்.