என் ஞானத்தகப்பன் எழுதாத கடிதம்

மாதாவின் பிள்ளைகளே, கசப்பை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது. உள்ளபடியே சொல்கிறேன்.

1983ஆம் வருடம். ஏலாக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் அரியலூர் போய் வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் எம்.எஸ்சி. சேர வேண்டும். பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள்.

யாரிடம் கேட்பது என்று எங்கள் வீட்டில் யோசிக்கவே இல்லை. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் என் ஞானத்தகப்பன். அவர்கள் வயலில்தான் என் அப்பா வேலை செய்தார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பீடத்தின் முன் எனக்காக வாக்குக் கொடுத்தவர் அவர். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அம்மா அவர் வீட்டுக்குக் கோழி கொண்டுபோவாள். கோழி உள்ளே போகும். நாங்கள் கொல்லைப்பக்கம் நிற்போம். அப்படியும், ஞானத்தகப்பன் கைவிட மாட்டார் என்று நம்பினோம்.

"நாளைக்கு வா" என்றே பல நாள் ஓட்டினார். கடைசியில் வாய்விட்டே சொன்னார்.

"உனக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு உங்க தெருவே வந்து நிக்கும். டீச்சர் ட்ரெய்னிங் போ, போதும்."

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் விடியற்காலை கோயிலுக்குப் போய் அழுதேன். "அடைக்கல மாதாவே, அவர் மனதை மாற்றும்" என்று கேட்டேன். அவர் மனது மாறவில்லை. இன்று வரை மாறவில்லை.

அன்று ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி ஒப்படைக்கப் போனேன். அங்கே கருப்புச் சட்டைப் பேராசிரியர் இருந்தார். பிள்ளையாரையும் மாதாவையும் சேர்த்தே கிண்டல் செய்பவர். சாமி இல்லாத மனிதர் என்று அம்மாவுக்கு அவர் பேரே ஆகாது. அதனால் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

"ஏன் மூஞ்சி வீங்கியிருக்கு?" என்றார். சொன்னேன்.

"மூணு வருசம் பாடம் நடத்துனது நானு. லேப்ல ஒன்னோட ரிசல்ட்ட மட்டும் நான் திருப்பிச் செஞ்சு பாக்கறதில்ல. எங்கிட்ட கேக்கறதுக்கு என்ன?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். மாதாதான் உங்களை அனுப்பினாள் என்றேன்.

"யாரும் அனுப்பல. வேலைக்கி வந்தேன். போயி தபால்ல போடு."

இடம் கிடைத்தது. படித்தேன், இன்று ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கடிதம் கேட்டு வரும் பிள்ளையிடம் எந்தத் தெரு என்று நான் கேட்பதில்லை. மாதாவுக்கு நன்றி.

நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள். யார் கையால் தர வேண்டும் என்று மட்டும் அவளுக்கு யோசனை சொல்லாதீர்கள்.

என் ஞானத்தகப்பன் இப்போதும் பூசைக்கு முன்வரிசையில்தான் இருப்பார். திருவிழாவில் என்னைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர்களிடம், "நம்ம பொண்ணுதான், நான்தான் படிக்க வச்சேன்" என்பார். அவரை மன்னிக்கும் மனதைத் தாரும் என்று வருடக்கணக்காக மன்றாடுகிறேன். அது மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. எனக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுங்கள்.