முழங்கால் உயரக் கன்றுகள்

மரக்கன்றுக்குக் குழி வெட்டுமுன் அந்த இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவாள் பி-யுன் அக்கா. முகத்தைக் கண் மட்டும் தெரியத் துணியால் சுற்றிக்கொண்டு, வடகிழக்குக்கு முதுகைக் கொடுத்துக் கால் மணி நேரம். முதுகு சில்லிட்டால் எழுந்து நாலடி தள்ளி உட்காருவாள். "என் முதுகே தாங்கல, பச்சப்புள்ள தாங்குமா?" குளிர்காலம் முழுக்க வடகிழக்குக் காற்று அறைகிற எங்கள் பெங்ஹு தீவில் மரம் வளர்ப்பதே வீம்பு. அவளுக்கு அதுதான் பிழைப்பு.

கன்று பொறுக்குவதில் அவளிடம் வாயாடி ஜெயித்தவர் இல்லை. தளதளவென்று நிற்கும் பூவரசங்கன்றைக் காட்டினால், "மாப்பிள்ளை ஜோருதான், வேரு எங்க?" என்று ஒதுக்கிவிடுவாள். முழங்காலுக்கு மேல் வளர்ந்ததைத் தொடவே மாட்டாள். கடல் பக்கம் தாழை, அதன் பின்னால் சவுக்கு, அப்புறம்தான் பூவரசு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பவளக்கல் அடுக்கி, கற்களுக்கிடையில் விரல் நுழைகிற சந்து விடுவாள். "முழுசா அடைச்சா, காத்து மேல ஏறி வந்து தலையிலயே குட்டும்."

நான் பாடம் நடத்தும் பள்ளிச் சரிவில் தலைமையாசிரியர் லியூ இரண்டு வருஷம் ஆள் உயரக் கன்றுகளை நட்டார். எல்லாம் கருகின. மூன்றாவது தடவையும் போனால் காற்றைத் தடுக்கச் சிமென்ட் சுவர்தான் என்றது கல்வி அலுவலகம். அப்புறம் பிள்ளைகளுக்குக் கடலே தெரியாது. "நான் வளத்துக் காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்து அறுபது நட்டாள் அக்கா.

"என்ன அக்கா, கீரைப் பாத்தியா?" என்றார் லியூ.

"சிரிங்க சார். வேர் விட்டப்புறம் தலையத் தூக்கும்."

போன மாதம் மழையில்லாத புயல் ஒன்று கடலையே வாரி இறைத்துவிட்டுப் போனது. விடிந்து பார்த்தால் கன்றெல்லாம் உப்பு. வெயில் ஏறுமுன் கழுவாவிட்டால் அவ்வளவுதான். கிணறும் உப்பு, குழாய்த் தண்ணீர் மறுநாள்தான் வரும். அன்றைக்கென்று பார்த்து அவள் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஊருக்குப் போக ஒன்பது மணிப் படகு. அக்கா தலையை அலச இரண்டு வாளி நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். நான் ஓடிப்போய்ச் சொன்னதும் இரண்டையும் தூக்கிக்கொண்டாள்.

"அடியே, உப்புத் தலையோடவா வரப்போற? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்று கத்தினார் புருஷன் அ-தெங்.

"பொண்ணு குளிச்சாச்சுல்ல? என் தலைய யாரு மோந்து பாக்கப்போறா?"

கல்யாணத்துக்கு உடுத்திய சிவப்பு உடையோடு சரிவில் மண்டியிட்டு, அகப்பை அகப்பையாக மொண்டு, இலை இலையாக விரலால் தேய்த்துக் கழுவினாள். துறையில் படகு ஊதியது. "அம்மா!" என்று மகள் கீழேயிருந்து கூப்பிட்டாள். அக்கா அறுபதாவது கன்றின் இலையை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். வாளியைக் கவிழ்த்து, அடியில் கிடந்த கடைசிச் சொட்டையும் அதன்மேல் விட்டாள்.