கட்டைவிரல் வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவரை வியாபாரிகள் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் கட்டைவிரல்தான். நிறுக்கும்போது மற்றவர்கள் தராசு முள்ளைப் பார்ப்பார்கள். இவர் கடைக்காரரின் கட்டைவிரலைப் பார்ப்பார். தட்டின் ஓரத்தில் அது எங்கே படுகிறது, எப்போது விலகுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், அந்தப் பார்வைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் ஏந்தி எடை பார்ப்பார். யாராவது வலிய வந்து நல்லது செய்துவிட்டால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போது அந்தச் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே திரும்பியிருந்தது. மனைவி பாடுவதை நிறுத்திவிட்டாள்.

பாட்டு என்றால் மேடைப் பாட்டு அல்ல. வேலை செய்துகொண்டே வாய்க்குள் முணுமுணுப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சமையலறைப் பக்கமிருந்து அது வந்துகொண்டே இருக்கும். பாதி வரியில் குழாயைத் திறப்பாள், மூடிவிட்டு மீதி வரியைத் தொடர்வாள். இரண்டு வருடங்களுக்கு முன்பு மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. சில மாதம் மகளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று இவள் பெட்டி கட்டினாள். "அப்ப நான் இங்க தனியா உட்கார்ந்து சுவரைப் பார்க்கவா?" என்று அவர் கேட்டார். அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தாள். பாட்டு நின்றது அதற்குப் பிறகுதான் என்பது அவருடைய கணக்கு.

பாட்டோடு போனால் பரவாயில்லை. மகளோடு போனில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். என்ன பேசினாய் என்றால் "சும்மா பேசிட்டிருந்தோம்" என்பாள். சும்மா என்ற சொல்லை எந்தக் கடைக்காரர் சொல்லியும் அவர் நம்பியதில்லை. சில நாள் தோசைக்கரண்டியோடு வந்து நின்று "எத்தனை தடவை கூப்பிடறது?" என்பாள். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியும். கோபம் என்றால் கோபம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? ஏன் இந்த நாடகம்? கேட்க நாக்கு நுனி வரை வரும். ஆமாம், உங்களோடு வாழ்ந்தது போதும் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விழுங்கிவிடுவார்.

மகள் போகும்போது இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை விட்டுப் போயிருந்தாள். புத்தக அலமாரியில் வைக்கும் அளவுதான், தூக்கினால் அரிசி மூட்டை கனம். வீட்டில் பாட்டு ஓடினால் பழக்க தோஷத்தில் அவளும் வாயைத் திறப்பாள் என்று கட்டைவிரல் ஒரு திட்டம் போட்டார். ஸ்பீக்கருக்கு உயிர் கொடுக்க ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கடைக்குப் போனார்.

ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாலு ஓம். சென்சிடிவிட்டியும் கம்மி. சார், இது சாப்பாட்டு ராமன் ஸ்பீக்கர். சின்ன ஆம்ப் வெச்சா பசியிலயே கத்தும். ரெண்டு காட்டறேன், கேளுங்க."

"அட்டையில நூறு வாட்னு போட்டிருக்கே, அது ஒரு பக்கம் ஓடும்போதா, ரெண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போதா? எத்தனை ஓமுக்கு?"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சார் எங்க வேலை பார்த்தீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

முதலில் நடுத்தர விலை ஆம்ப்ளிஃபயரில் ஒரு பாட்டு ஓடியது. அதே பாட்டு பிறகு விலை உயர்ந்ததில் ஓடியது. இரண்டாவதில் குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் கட்டைவிரல் பாட்டைக் கேட்க மட்டும் வரவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் கவிழ்ந்தாற்போல் கிடந்த அவர் போனில் சத்தத்தின் அளவு காட்டும் செயலி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை எண் மூன்று கூடியிருந்தது.

"விரலை எடுங்க," என்றார்.

"என்ன சார்?"

"வால்யூம் குமிழ்ல இருந்து விரலை எடுங்க. விலை கூடினதுக்குச் சத்தத்தையும் கூட்டி வெச்சா எந்தக் காதுக்கும் அதுதான் நல்லா இருக்கும். ரெண்டையும் ஒரே அளவுல வெச்சு ஓட்டுங்க."

கடைக்காரர் வெட்கப்படவில்லை, சிரித்தார். "இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்." ஒரே அளவில் வைத்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தேட வேண்டியிருந்தது. "உங்க ரூமுக்கு நடுத்தரமே போதும் சார். இதுக்கே நாலு ஓமைத் தாங்கற தெம்பு இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேளுங்க. பிடிச்சா பணம் கொடுங்க."

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம் என்று நினைத்துக்கொண்டே கட்டைவிரல் பெட்டியை வாங்கிக்கொண்டார். பிடிபட்ட ஆள் இவ்வளவு இறங்கி வருகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

ஹாலில் அவருடைய நாற்காலிக்கு எதிரே இரண்டு ஸ்பீக்கரையும் வைத்தார். வலப்பக்கம் சமையலறை வாசல். பாட்டைப் போட்டதும் உள்ளே இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். வலது ஸ்பீக்கர் மங்கலாக ஒலித்தது. நடுவில் நிற்க வேண்டிய குரல் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கடையிலும் அப்படி ஒரு சாய்வு தெரிந்தது, அந்த அறையின் கோளாறு என்று விட்டிருந்தார். இப்போது புரிந்துவிட்டது. ஒரு பக்கம் செத்த சரக்கு. அதனால்தான் இலவச உபசாரம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறொன்றைப் பிரித்துக் கொடுத்தார். அதிலும் வலப்பக்கம் மங்கல். கடைக்காரரைப் போனில் கூப்பிட்டார்.

"வயரை இடம் வலம் மாத்திப் பாருங்க சார். ஆம்ப்ல தப்புன்னா மங்கல் இடப்பக்கம் போயிடும்."

இது அவருக்குத் தெரிந்த வித்தைதான். தராசின் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று சந்தேகம் வந்தால் தட்டுகளில் இருப்பதை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். வயரை மாற்றினார். மங்கல் வலப்பக்கத்திலேயே இருந்தது. ஸ்பீக்கர்களையே மாற்றினார், இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மங்கல் அசையவில்லை. அப்படியானால் அந்தச் சமையலறை வாசல்தான் சத்தத்தை விழுங்குகிறது. கட்டில் போர்வையை எடுத்து வந்து வாசலை அடைத்துத் தொங்கவிட்டார். அப்போதும் மங்கல் போகவில்லை.

மனைவி போர்வையை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினாள். "இது எதுக்கு?"

"சத்தம் வெளிய போகுது. இங்க வந்து உட்காரு. குரல் எந்தப் பக்கம் கேக்குது, சொல்லு."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடிக் கேட்டாள். "நடுவுலதான் கேக்குது."

"நல்லாக் கேளு."

"நல்லாத்தாங்க கேட்டேன். நட்டநடுவுல பாடறா." போர்வைக்குப் பின்னால் போய்விட்டாள்.

கட்டைவிரலுக்கு நெஞ்சு கசந்தது. வேண்டாத மனுஷன் சொன்னால் சரியானதும் தப்பாகத்தான் படும். முன்பின் பார்த்திராத கடைக்காரர் பக்கம் பேசுகிறாள், தன் பக்கம் பேச மாட்டாள். ஸ்பீக்கர் இல்லை, வயர் இல்லை, ஆம்ப் இல்லை, அறை இல்லை. இனி மாற்றிப் போட என்ன மிச்சம் இருக்கிறது?

அந்த இடத்தில் அவருக்குப் பழைய அலுவலக விதி ஒன்று நினைவுக்கு வந்தது. ஊரார் தராசைச் சோதிக்க ஆய்வாளர் கொண்டு போகும் எடைக்கல்லையும் வருடம் ஒரு முறை மேலிடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். அதுவும் தேயும். தேய்ந்த கல்லை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினால் யோக்கியன் எல்லோரும் திருடனாகத் தெரிவான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இதை அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

மங்கல் இடம் மாறியது. இத்தனை நேரம் கணீரென்று இருந்த ஸ்பீக்கர் இப்போது அவர் வலக்கைப் பக்கம் வந்து பஞ்சடைத்தாற்போல் ஒலித்தது. மங்கிக் கிடந்தது தெளிந்துவிட்டது. இடது காதை உள்ளங்கையால் பொத்தினார். பாட்டு ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது.

பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. பாட்டை நிறுத்தினார்.

நின்ற பிறகும் ஒரு பாட்டு கேட்டது. திருப்பிப் போட்ட நாற்காலியில் அவருடைய நல்ல காது சமையலறையைப் பார்த்திருந்தது. போர்வைக்குப் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. பாதி வரியில் நின்றது. குழாய் ஓடியது, நின்றது. மீதி வரி வந்தது.

கட்டைவிரல் போய்ப் போர்வையை விலக்கினார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து மறுபடி பாட ஆரம்பிச்ச?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "மறுபடியா? நான் எப்பங்க நிறுத்தினேன்?"

"மக ஊருக்குப் போக வேண்டாம்னு சொன்னேனே. அந்தக் கோபத்துல..."

"கோபம் இருந்துச்சு. ஒரு வாரம் இருந்துச்சு. அதுக்குன்னு பாடாம இந்தப் பாத்திரத்தை எல்லாம் எப்படிக் கழுவறது?"

"மககிட்ட ரகசியமா பேசறது?"

"ரகசியமா? நான் போன்ல பேசினா மாடி வீட்டம்மா ஜன்னல் வழியா பதில் சொல்றாங்க." சிரிக்க வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "என்னாச்சு? மிஷின் கெட்டுப்போச்சா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. கடைக்காரர்கிட்ட வெச்சுக்கறேன்னு சொல்லிடணும்." வலது காதைத் தொட்டார். "இதுதான் தேஞ்சுபோச்சு. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். ரெண்டு வருஷமா."

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய இடப்பக்கமாகச் சுற்றி வந்து நின்றாள்.

"முதல்ல காது டாக்டர்கிட்ட போவோம்," என்றாள். "ஊருக்கு அப்புறம் போய்க்கறேன்."

அவள் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.