கையால் எழுதிய மாதிரி வேண்டும், ஆனால் கை தெரியக் கூடாது

கையால் எழுதிய மாதிரி வேண்டும் என்று வருகிறவருக்குக் கையாலேயே எழுதிக் கொடுத்துப் பாருங்கள், அன்றைக்கே இந்தத் தொழில் உங்களுக்கு வெறுத்துவிடும். ஃபிளெக்ஸ் கடையோ அச்சுக் கடையோ, எங்கே நின்று குப்பை கொட்டுகிறவர்களானாலும் சரி, என்னோடு சேர்ந்து பல்லைக் கடியுங்கள்.

பிளஸ் டூ முடித்த கையோடு கள்ளக்குறிச்சியில் ஒரு பாய் நடத்தும் அச்சுக் கடையில் சேர்ந்தேன். சென்னையில் இப்போது கை எழுத்துதான் ஃபேஷன் என்று யாரோ சொன்னதை நம்பி, பாய் எனக்கு ஜன்னலோரம் ஒரு மேசையும் பிரஷ்ஷும் மையும் கொடுத்தார். தை பிறப்பதற்குள் பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் அந்த இடத்துக்கு ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்துவிடும். நான் கல்வராயன் மலையில் இருக்கும் என் ஊர் வெள்ளிமலைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். வருகிறவர்கள் குரலையெல்லாம் அப்படியே பேசிக் காட்டுவது என் வியாதி. நீங்களும் அந்தந்தக் குரலிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கா

சங்கராபுரத்தில் 'காலைக் காபி' என்று கடை திறக்கப்போகும் அண்ணன். மூக்கால் பேசுவார். சுவரில் பிரஷ்ஷால் எழுதியதுபோல வேண்டும், கம்ப்யூட்டர் எழுத்தே ஆகாது என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து, நாற்பது தாள் கிழித்து, ஒன்று அமைந்தது. அண்ணன் அதை மேசையில் போட்டு, கட்டைவிரலை வைத்து எழுத்தெழுத்தாக அளந்தார். கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னது அந்த மூக்கைத் தாண்டிப் போகவே இல்லை.

"கையால எழுதறது ஓகே பாப்பா. அதுக்குன்னு ரெண்டு 'கா'வும் ரெண்டு மாதிரி இருந்தா இன்னா அர்த்தம்? நல்லா வந்த ஒண்ண காப்பி எடுத்து ரெண்டு எடத்துலயும் ஒட்டிடு."

மை கம்மி

கல்யாணப் பத்திரிகை. ரப்பர் தகட்டில் மயிலை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, ஒவ்வொன்றாக முன்னூறு கார்டில் அழுத்தினேன். கத்தி இரண்டு தடவை விரலில் இறங்கியது. ஒரு மயில் அடர்த்தி, ஒரு மயில் லேசு. அதற்குத்தானே இத்தனை பாடு!

பெண்ணின் அம்மா கார்டுகளைத் தரையில் பரப்பி, அடர்த்தியானதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கென்று ஒதுக்கினார். மிச்சத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"பெரிய நாத்தனார் வூட்டுக்கு மை கம்மியான கார்டு போச்சுன்னா, எங்களுக்கு மரியாதை இவ்ளோதானான்னு கல்யாணத்துக்கே வரமாட்டாங்க. எல்லாத்தையும் மெஷின்ல ஒரே மாதிரி அடிச்சுக் குடுத்துடும்மா."

மலைக்காரன் எழுத்து

மார்கழியில் வந்தார் தேன்காரர். டவுனில் பெரிய வீடு, வெள்ளைக் கார், தொண்டையில் நிரந்தரக் கனைப்பு. இரண்டாயிரம் பாட்டிலுக்குக் கை அச்சில் லேபிள் வேண்டுமாம். மேசை பிழைத்தது என்பதுபோல பாய் என்னைப் பார்த்தார். ஆர்டர் நோட்டில் 'கல்வராயன் மலைத் தேன்' என்று தேன்காரரே எழுதிவிட்டுப் போனார்.

வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் தினமும் கரும்பலகையில் தேதியும் பொன்மொழியும் எழுதிய கை என்னுடையது. அந்தக் கையால் ஒரு வாரம் எழுதினேன். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரொம்ப அழகாக இருக்கிறதாம். மலைக்காரன் எழுதியதாக யாரும் நம்பமாட்டார்களாம். அவங்களுக்கு எழுத்து எங்கே வரும், கோணல்மாணலாகப் போடு என்றார். நான் மலைக்காரி என்று அவருக்குத் தெரியாது. பாய்க்குத் தெரியும். பாய் கால்குலேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மைப் புட்டியை அந்த வெள்ளைச் சட்டையில் கவிழ்க்கக் கை துடித்தது. கவிழ்த்தால் மேசை போய்விடும். அவர் போனபின் ஆர்டர் நோட்டைத் திறந்தேன். அவர் எழுத்தில் 'ல்' மல்லாந்து கிடந்தது, 'தே'யின் கொம்பு தொங்கியது, வரி மலையிலிருந்து இறங்குவதுபோலச் சரிந்திருந்தது. அதை அப்படியே செதுக்கினேன். ஒரு கோடு கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மறுநாள் அவர் படியேறும்போதே பாய் ஆர்டர் நோட்டை மூடி டிராயருக்குள் தள்ளினார். தேன்காரர் லேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கனைத்து, பூரித்துப்போனார்.

"இதான் பாய் நான் கேட்டது. பார்த்தாலே தெரியுது, பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவன் எழுதினதுன்னு."

மேசை அதே ஜன்னலோரம் இருக்கிறது, அவர் எழுத்து இரண்டாயிரம் பாட்டிலில் ஏறி ஊர் ஊராகப் போகிறது, என் எழுத்தைத்தான் கடை பெருக்குகிற அக்கா குப்பையோடு வாரிக்கொண்டு போனார்.