சாயங்காலம் வரை ஆகும் என்றார்கள்

வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடாவெட்டு விருந்து. பந்தியில் என் மனைவி எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாதிச் சாப்பாட்டில் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியோரம் குனிந்து நின்றிருந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"கறித்துண்டு நின்னு போச்சுங்க. இப்பச் செரியாயிருச்சு. நீங்க போய்ச் சாப்புடுங்க," என்றாள்.

செரியாகவில்லை. அடுத்து சப்பாத்தி நின்றது. அப்புறம் இட்லியே நின்றது. தெருமுனை டாக்டர் கேஸ் ட்ரபிள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அவளும் அவளுக்குத் தெரிந்த வழியில் சமாளித்தாள். சோற்றை ரசத்தில் கரைத்து, ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள். கேட்டால், வயிறு மந்தமாக இருக்கிறது என்பாள்.

எங்களுக்குத் திருப்பூர் மங்கலம் ரோட்டில் சின்னதாக ஒரு தையல் யூனிட் இருக்கிறது. பெரிய கம்பெனிகளிடம் வெட்டிய துணியைப் பீஸ் பீஸாக வாங்கி டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிறோம். செக்கிங் முழுவதும் அவள் பொறுப்பு. ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், மிஷின் ஓடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தன்னுடைய ஜாக்கெட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே லூசாப் போச்சுங்க," என்றாள், தலையைத் தூக்காமல்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கழுத்திலிருந்து விரல் தடிமனுக்கு இறங்கிய வெள்ளை, நெஞ்சின் நடுவில் வந்ததும் கோணல்மாணலாக ஒரு நூலாகிவிட்டது. எண்டோஸ்கோப்பி ட்யூபும் அந்த இடத்தைத் தாண்டவில்லை. அங்கிருந்து துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று வந்தது. கோயமுத்தூருக்குப் போகச் சொன்னார்கள்.

அங்கே நெஞ்சு ஆபரேஷன் செய்கிறவர் ஒரு டாக்டரம்மா. எங்கள் மகள் வயதுதான் இருக்கும். முதலில் கரண்டு என்கிற கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்க வேண்டும், அப்புறம்தான் ஆபரேஷன் என்றார். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"உணவுக்குழாய எடுத்துட்டு, வயித்தையே குழாயாட்ட நீட்டி மேல இழுத்துக் கழுத்துல சேத்திருவோமுங்க."

இவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப வயிறு நெஞ்சுக்குள்ள இருக்குமுங்களா?"

"ஆமாங்கம்மா."

"பசிச்சா எங்கீங்க பசிக்கும்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதுவரைக்கும் யாருமே என்கிட்டக் கேட்டதில்லீங்கம்மா. ஆபரேஷன் முடிஞ்சு நீங்கதான் எனக்குச் சொல்லோணும்."

கரண்டு வைக்கத் தினமும் கோயமுத்தூர் போய் வந்தோம். தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்கவே துடித்தாள். அது ஆறியதும் அடைப்பு கொஞ்சம் விட்டது. ஒருநாள் காலையில் தானே தோசை ஊற்றி, முழுசாக ஒன்றைச் சாப்பிட்டு முடித்தாள். நான் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஈரோட்டில் இருந்து அவள் அழுதது கேட்டது. அந்த வாரம் முழுக்க நான் லேபர்களிடம்கூடச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு மூச்சைப் பழக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். அதற்குள் மூன்று பந்துகள். குழாயில் வாயை வைத்து உறிஞ்சினால் பந்துகள் மேலே ஏற வேண்டும். செக்கிங் டேபிளில் பீஸ்களுக்கு நடுவே அதை வைத்துக்கொண்டு விடாமல் உறிஞ்சுவாள். மூன்றாவது பந்து ஏறிய அன்று என்னைக் கையைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஆபரேஷன் அன்று காலையில் உள்ளே அழைத்துப் போகும்போது டாக்டரம்மா, ஈரோட்டிலிருந்து வந்திருந்த மகளையும் சேர்த்து, எங்கள் மூவரிடமும் சொன்னார்: "நெஞ்சு, வயிறு, கழுத்து, மூணு எடத்துலயும் வேலை இருக்குதுங்க. சாயங்காலம் வரைக்கும் ஆகும். லேட்டாகுதேன்னு பயந்துக்காதீங்க."

மகளும் நானும் வெளியே உட்கார்ந்தோம். பதினொரு மணி வாக்கில் மகள் கேன்டீனில் காபி வாங்கி வந்தாள். நான் பாதிகூடக் குடித்திருக்க மாட்டேன், கதவு திறந்தது. டாக்டரம்மா தலையில் கட்டிய பச்சைத் துணியோடு வந்தார். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இத்தனை சீக்கிரம் அவர் வெளியே வரக் கூடாது.

"எடுக்க முடியலீங்க. மூச்சுக்குழாய்லயும் பெரிய ரத்தக்குழாய்லயும் ஒட்டிப் புடிச்சிருக்குது. நெஞ்சுச் சுவத்துலயும் பொரிப்பொரியாப் பரவியிருக்குதுங்க. ஸ்கேன்ல இது தெரியல. மீறிப் பிரிச்சா டேபிள்லயே உசுரு போயிரும். வயித்துல ட்யூப் மட்டும் வெச்சிருக்கேன், அதுல ஆகாரம் குடுக்கலாம்."

மகள் எதையெதையோ கேட்டாள். அவரும் நின்று பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

மத்தியானம் அவளுக்கு நினைவு வந்தது. பக்கத்தில் போய் நின்றேன். முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். திரைச்சீலை ஓரமாக நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"மணி என்னுங்க?"

"ரெண்டு ஆகப்போகுது."

மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். "அப்ப எடுக்கலீங்களா?"

என்ன சொல்லலாம் என்று நானும் மகளும் வெளியே பேசி வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போனது. "இல்ல சாமி," என்றேன். அவள் தன் கையை எடுத்து என் கை மேல் வைத்தாள், ஏதோ எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்பதுபோல.

வீட்டுக்கு வந்த பிறகு ட்யூபில் கஞ்சி கொடுப்பது என் வேலையானது. ராகிக் கஞ்சியைக் யூனிட்டில் மிஞ்சிய பனியன் துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் மெதுவாக ஊற்றுவேன். அப்போதும் அவள் சமைப்பதை விடவில்லை. மகள் தடுத்தபோது, "வாசமாச்சும் புடிச்சுக்கறேன் உடு கண்ணு," என்றாள். ஒரு வாய்ச் சோற்றை மென்று ருசி பார்த்துவிட்டுத் துப்புவாள். பிறகு அதையும் விட்டாள்.

அடைத்த இடத்தில் கம்பிவலைக் குழாய் ஒன்றை வைத்தார்கள். சில வாரங்கள் மோர் இறங்கியது. அப்புறம் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுந்து, குடிப்பதெல்லாம் இருமலாக வந்தது. எச்சிலைத் துப்பப் பக்கத்தில் எப்போதும் வேஸ்ட் துணி மூட்டை வைத்திருப்போம். காய்ச்சலும் சளியுமாக மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில் ஒரு காலை, நான் தலையணையைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே, அது நின்றது.

காரியம் எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, தனியாகக் கோயமுத்தூர் போனேன். டாக்டரம்மா என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார்.

"மொதல்ல கறித்துண்டு நின்னப்பவே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பாளுங்களா?"

அவர் அவசரப்படவில்லை. "பொழச்சிருக்கலாமுங்க. இல்லாமயும் போயிருக்கலாம். அன்னைக்கே எவ்வளவு பரவியிருந்துச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்க."

இரண்டில் ஒன்றைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருந்தேன். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்து, திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன். அன்று அனுப்ப வேண்டிய பீஸ் பாக்கி இருந்தது.