கஃபீல் மாஃபி

1. டாக்டர் வந்தார்

தொண்ணூறுகளில் அமீரகத்தின் புஜைராவில் ஓர் அரசு அலுவலகத்தின் சட்டப் பிரிவில் நான் செகரட்டரி. எங்களுக்கு ஆலோசகராக ஒரு ஜெர்மன் வக்கீல் வந்தார். பெயர் ரைனர், முன்னால் ஒரு ‘டாக்டர்’. அது சட்டத்தில் வாங்கிய பட்டம். முதல் நாளே டீ கொண்டுவந்த மலையாளி போர்டைப் பார்த்துவிட்டு முழங்கால் வலிக்கு மருந்து கேட்டுவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. எப்போதிருந்து வலி என்று பொறுமையாக விசாரித்து, ஆஸ்பத்திரி போக அவருக்கு லீவு கொடுக்கும்படி மேனேஜரிடம் சொன்னார்.

கோர்ட்டில் வாதாடி வளர்ந்தவர் அல்ல அவர். சொந்த நாட்டில் மாவட்ட ஆபீஸில் சேர்ந்து அமைச்சகம் வரை உயர்ந்தவர். லைசென்ஸ் கொடுப்பதும் ரத்து செய்வதும்தான் அவருடைய சர்வீஸ். பாதிக்கப்படும் ஆளை நேரில் கேட்காமல் எந்த உத்தரவையும் வெளியே விட்டதில்லை என்று சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் கர்வம் எட்டிப் பார்க்கும்.

2. சீல் வைக்க இருந்த கடை

காசிம் பாய் காயல்பட்டினத்துக்காரர். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம், கஃபீலின் கையெழுத்து வந்து சேரவில்லை. கஃபீல் என்றால் கடைக்கும் விசாவுக்கும் பொறுப்பேற்கும் உள்ளூர்க்காரர். அவர் இல்லையென்றால் கடை இல்லை, விசா இல்லை, ஊருக்கு டிக்கெட்தான்.

இன்ஸ்பெக்டர் கடைக்குப் போய், “ஃபீ கஃபீல்?” என்று கேட்டிருக்கிறார். காசிம் பாய், “மாஃபி” என்றிருக்கிறார். கஃபீல் இருக்கிறாரா, இல்லை. அவ்வளவுதான் பேச்சு. கடையை மூடும் உத்தரவு டைப் ஆகி, டாக்டரின் இனிஷியலுக்காக வந்தது.

“யல்லா டாக்டர், சீக்கிரம். ஒரு இனிஷியல், கலாஸ், வேலை முடிஞ்சது” என்றார் மேனேஜர். “அவனே ஒத்துக்கிட்டான்.”

“என்னிடம் ஒத்துக்கொள்ளவில்லையே. கூப்பிடுங்கள்” என்றார் டாக்டர்.

3. ஒரே ஒரு சொல்

காசிம் பாய் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. “தங்கச்சி, கடைய மூடுனா நானும் கடையில உள்ள ரெண்டு பேரும் ஊருக்குப் போவ வேண்டியதுதாம்மா. அங்க போயி என்ன செய்ய?” என்றார்.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். “பாய், உங்க கஃபீல் இருக்காரா?”

“இல்லம்மா.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். ‘நோ’ என்று வாய் வரை வந்த சொல்லை விழுங்கினேன். என் கணவரைக் கேட்டு வீட்டுக்கு போன் வந்தால் நானும்தான் “அவர் இல்லீங்க” என்கிறேன். அதற்காக நான் என்ன விதவையா?

“சார், இன்னொரு கேள்வி கேட்கலாமா?” டாக்டர் தலையசைத்தார்.

“பாய், கஃபீல் இப்ப இங்க இல்லையா, இல்ல உங்களுக்குக் கஃபீலே இல்லையா?”

“என்னம்மா இப்படிக் கேக்கிய? அவரு நல்லா இருக்காரு! கண்ணு ஆபரேஷனுக்கு லண்டன் போயிருக்காரு. ஆளு இல்லைன்னுதான் மாஃபின்னேன்.”

டாக்டருக்கு விளக்கினேன். வெளியே போனவருக்கும் தமிழில் ‘இல்லை’தான், உலகத்திலேயே இல்லாதவருக்கும் ‘இல்லை’தான், பாய் அரபியில் சொன்ன ‘மாஃபி’யும் அந்தத் தமிழ் ‘இல்லை’தான் என்றேன். அவர் கஃபீலின் வீட்டுக்கு போன் போடச் சொன்னார். கஃபீலின் தம்பி மேனேஜரிடம் கத்தியது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. “காசிம் எங்க ஆளு! யார் கடையை மூடுறது?”

டாக்டர் உத்தரவை இரண்டாகக் கிழித்தார். பிறகு எழுந்து நின்று, முதலில் காசிம் பாய்க்கும் அடுத்து எனக்கும் கை கொடுத்தார். அந்த ஆபீஸில் எனக்குக் கை கொடுத்த முதல் அதிகாரி அவர்தான். அன்று வீட்டுக்கு நடந்தேனா பறந்தேனா தெரியாது.

4. இரண்டு கேள்விகள்

அதன்பின் எங்கள் விசாரணைகளில் ‘இல்லை’ என்று யார் சொன்னாலும், இப்போது இல்லையா, எப்போதுமே இல்லையா என்று இரண்டாவது கேள்வி கேட்பது வழக்கமானது. இளைய செகரட்டரிகளுக்கு நான் சொல்வது இதைத்தான்: பதிலை எழுதுவதற்கு முன், அந்த ஆள் அதை எந்த மொழியில் நினைத்தார் என்று பாருங்கள்.

ஒப்பந்தம் முடிந்து டாக்டர் ஊர் திரும்பிய மறுநாள் அவருடைய மேஜையில் போன் அடித்தது. டாக்டர் இருக்கிறாரா என்று அரபியில் யாரோ கேட்டார்கள். “டாக்டர் மாஃபி” என்றேன். சொன்ன வேகத்தில் பதறிப்போய், “ஜெர்மனியில் இருக்கிறார். நன்றாக இருக்கிறார்” என்று சேர்த்துக்கொண்டேன்.